செப்பு நீக்கியில் துணி நீலமாகவே வருகிறது: ரைஃபிள் குழலை எப்போது சுத்தமானதாகக் கொள்வது?

கேள்வி

வணக்கம். என்னிடம் உள்ள .308 ரைஃபிளின் குழலில் இதுவரை சுமார் 900 குண்டுகள் சுட்டிருக்கிறேன். 100 மீட்டரில் ஐந்து குண்டுகள் 25 மில்லிமீட்டருக்குள் விழுந்துகொண்டிருந்தன. கடந்த சில வாரங்களாக அதே தோட்டாக்கள் 60 மில்லிமீட்டர் வரை சிதறுகின்றன. தொலைநோக்கியின் பிடிகளும் கட்டையின் திருகுகளும் இறுக்கமாகவே இருக்கின்றன. குழல்வாயில் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, வரிமேடுகளின் (குழலின் உள்ளே குண்டைச் சுழற்றும் திருகு வரிகளுக்கு இடையிலுள்ள மேடுகள்) மேல், குண்டுகளின் உறையிலிருந்து ஒட்டிய செம்பு நிறக் கீற்றுகள் நீளவாக்கில் ஓடியிருப்பது தெளிவாகத் தெரிந்தது.

அம்மோனியா கலந்த செப்பு நீக்கியைத் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெள்ளைத் துணித்துண்டால் துடைத்தெடுக்கிறேன். ஐந்து மாலைகளாக இதைச் செய்தும், துண்டு ஒவ்வொரு முறையும், செம்பு கரைவதைக் காட்டும் மயில்கழுத்து நீலத்தில்தான் வெளியே வருகிறது. மூன்றாம் நாளுக்குப் பிறகு கீற்றுகள் கண்ணில் படவில்லை என்பதால்தான் குழப்பமாக இருக்கிறது. இன்னும் தொடர வேண்டுமா, அல்லது நல்ல குழலை என் கையாலேயே கெடுத்துக்கொண்டிருக்கிறேனா?

பதில் 1

துணியைத் தள்ளும் கம்பியின் முனை எந்த உலோகத்தால் ஆனது என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. அது பித்தளையாக இருந்தால், நீங்கள் காணும் நீலத்தில் பெரும்பகுதி அந்த முனையிலிருந்தே வரக்கூடும். பித்தளையிலும் செம்புதான் மிகுதி என்பதால், நீக்கிக்குக் குண்டின் உறை எது, கம்பியின் முனை எது என்ற வேறுபாடு தெரியாது. வெண்கலக் கம்பிகள் கொண்ட பிரஷ்ஷும் இதே வேலையைச் செய்யும். நான் இப்படி ஏமாந்து ஒரு மாதம் முழுவதும் குழலைத் தேய்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நீக்கியில் நனைத்த புதிய துண்டை அந்த முனையின் மேல் போர்த்தி, குழலுக்குள் விடாமல் மேசையின் மேலேயே சில நிமிடம் வைத்துப் பாருங்கள். துண்டு நீலமானால் விடை கிடைத்துவிடும். பிளாஸ்டிக் முனைக்கும் நைலான் பிரஷ்ஷுக்கும் மாறிய பிறகு வருகிற நிறத்தை மட்டுமே நம்புங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரியே. அதனுடன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செம்பு தனியாக ஒரே படலமாகப் படிவதில்லை. ஒவ்வொரு குண்டும் செல்லும்போது வெடிமருந்தின் கரியும் உறையின் செம்பும் மாறி மாறிப் படிகின்றன. அம்மோனியா செம்பைக் கரைக்குமே தவிர, கரியைத் தொடாது. ஆகவே மேலே கரிப் படலம் இருக்கும்போது செப்பு நீக்கியை எத்தனை முறை ஊற்றினாலும் அது அடியிலுள்ள செம்பைச் சென்று சேர்வதில்லை. முதலில் கரி நீக்கியால் துண்டுகள் வெளுக்கும்வரை துடைத்து, குழலை உலர்த்தி, அதன் பிறகு செப்பு நீக்கியைப் பயன்படுத்துங்கள். நீலம் நின்றதும் மீண்டும் ஒருமுறை கரி நீக்கியைப் போட்டால், பெரும்பாலும் துண்டு மறுபடியும் கறுப்பாக வரும். அடுத்த அடுக்கு திறந்துகொண்டது என்று அதற்குப் பொருள்.

அம்மோனியா செம்பைக் கரைப்பதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் தேவைப்படுவதால், குழலை நிரம்ப நனைப்பதைவிட மெல்லிய ஈரத்தைப் புதிது புதிதாகத் தடவுவதே விரைந்து பலன் தரும். புட்டியில் குறித்துள்ள நேரத்தை ஒருபோதும் தாண்டாதீர்கள். ஸ்வீட்ஸ் 7.62 போன்ற வலுவான நீக்கிகளுக்கு 15 நிமிடமே எல்லை. வேலை முடிந்ததும் எச்சம் முழுவதையும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். பிளீச்சிங் திரவத்தை அருகிலும் கொண்டுவராதீர்கள், அது அம்மோனியாவுடன் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும்.

கம்பியைத் தோட்டா அறையின் பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் பொருத்தி மட்டுமே செலுத்துங்கள். குண்டு கடைசியாகத் தொட்டு நீங்குவது குழல்வாயின் விளிம்பை. அந்த விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால் எந்த நீக்கியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கேட்டவர்

மேசைமேல் சோதித்துப் பார்த்தேன். குழலுக்குள் போகாத துண்டே ஆறு நிமிடத்தில் நீலமாகிவிட்டது. பிளாஸ்டிக் முனையுடன் மீண்டும் தொடங்கியபோது, முதல் துண்டு கரி நீக்கியில் தார் போலக் கறுத்து வந்தது. அதன் பிறகு இரண்டு துண்டுகள் நீலம், மூன்றாவது வெளிர்நீலம், நான்காவது ஏறத்தாழ வெள்ளை. உராய்பசை போட்டுத் தேய்த்து, எஞ்சியிருப்பதையும் எடுத்துவிடலாமா?

பதில் 3

வேண்டாம் என்பதே என் கருத்து. இரும்பு வெறுமையாகும்வரை தேய்க்க வேண்டும் என்ற எண்ணமே பல நல்ல குழல்களைப் பாழாக்கியிருக்கிறது. உராய்பசைக்கு இடம் உண்டு, ஆனால் அது வேறெதற்கும் அசையாத கெட்டிக் கரிக்கு, அதுவும் எப்போதாவது. வரிகளின் நுண்ணிய குழிகளை நிரப்பியிருக்கும் கொஞ்சம் செம்பு துல்லியத்தைக் கெடுப்பதில்லை. பல குழல்கள் அந்தச் சிறு படிவு இருக்கும்போதுதான் சீராகச் சுடுகின்றன. எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுப் பாருங்கள். இலக்குத்தாள் சொல்வதைத்தான் ஏற்க வேண்டும், துணியின் நிறத்தை அல்ல.

விரைவிலேயே மீண்டும் படிந்தால், குழலின் உட்பரப்பு கரடுமுரடாக இருக்கிறதா என்று போர்ஸ்கோப்பில் (குழலுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கருவி) பார்க்கச் சொல்லுங்கள். கையால் மெருகேற்றிய குழல்களில் செம்பு குறைவாகவே ஒட்டும். வெடிமருந்தை மாற்றுவதும் பயன் தரலாம். முதல் உலகப்போர்க் காலத்துக் குப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) உறைகள் குழலில் கட்டிகட்டியாக ஒட்டியதால், பிறகு 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் கொண்ட உறைக்கு மாறினார்கள். பீரங்கிகளில் வெடிமருந்துடன் வெள்ளீயம் சேர்த்தால் செம்பு நொறுங்கும் தன்மை பெற்று அடுத்த சுடலில் வெளியேறும் என்றும் கண்டறிந்தார்கள். அதே வழியில் செப்புப் படிவைக் குறைக்கும் பொருள் சேர்த்த ரைஃபிள் மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. சொந்தமாகத் தோட்டா நிரப்புபவரானால், தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள தொடக்க அளவிலிருந்தே ஆரம்பியுங்கள். பழைய மருந்தின் அளவை அப்படியே போடக் கூடாது.

கேட்டவர்

உராய்பசையைத் தொடவில்லை. இன்று காலை சுட்டேன். முதல் இரண்டு குண்டுகள் இடப்பக்கம் மேலே விலகின, மூன்றாவதிலிருந்து ஐந்தும் 28 மில்லிமீட்டருக்குள் விழுந்தன. இனி 60 குண்டுகளுக்கு ஒருமுறை கரியை மட்டும் எடுத்துவிட்டு, இலக்கில் விழும் குண்டுக் குழுக்கள் எப்போது விரியத் தொடங்குகின்றன என்பதைக் குண்டுக் கணக்குடன் குறித்துவைக்கப் போகிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.