கச்சேரியில் 100 டெசிபல் காட்டுது: எந்த இயர்பிளக், எப்படிப் போடுவது?

நடுவரிசை:
உள்ளரங்கில் 3 மணி நேர இசை நிகழ்ச்சிக்குப் போகிறோம். நின்று பார்க்கிற பகுதி, ஸ்பீக்கர் அடுக்கிலிருந்து 12 அடி இருக்கும். இதே அரங்கில் இதே இடத்தில் போன் செயலி 100 முதல் 103 வரை காட்டியது. சந்தேகங்கள்:
இந்த அளவை 3 மணி நேரம் காது தாங்குமா?
ஃபோம் பிளக் போட்டால் பாட்டு தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாகக் கேட்கிறது. வேறு வழி உண்டா?
7 வயதுப் பையனும் வருகிறான், அவனுக்கு என்ன போடுவது?
நிகழ்ச்சி முடிந்ததும் காதில் வரும் ரீங்காரம் மறுநாள் போய்விட்டால் சேதம் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கணக்குப்பிள்ளை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தாங்காது.

அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு தொழிலாளர்களுக்கு வகுத்த வரம்பு, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், ஏனென்றால் 3 டெசிபல் என்பது ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவது. 88-இல் 4 மணி, 94-இல் 1 மணி, 100-இல் 15 நிமிடம், 103-இல் ஏழரை நிமிடம். 100-இல் 3 மணி நேரம் நின்றால் ஒரு நாளைய பங்கைப் போல 12 மடங்கு காதுக்குள் போகிறது. காதுக்கு 3 டெசிபல் ஏற்றம் இரட்டிப்புச் சத்தமாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். இரட்டிப்பாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு பாதுகாப்பு தேவை என்பது கிடைக்கும். 3 மணி நேரத்துக்கான வரம்பு சுமார் 89. ஆகவே 100-க்கு 11 டெசிபலும், 103-க்கு 14 டெசிபலும் காதுக்குள் உண்மையிலேயே குறைந்தால் போதும். 33 என்று அச்சிட்ட பிளக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை.

போன் அளவை அப்படியே நம்பாதீர்கள். மைக்கின் உச்சவரம்பைத் தாண்டிய சத்தத்தில் செயலி குறைத்துத்தான் காட்டும். நியோஷ் வெளியிட்ட இலவசச் செயலி ஐபோனில் மட்டும் ஓடுகிறது, அது ஓரளவு நம்பகமானது. எந்தச் செயலியானாலும் ‘ஏ’ எடையிடலில் (காது கேட்கும் விதத்துக்கேற்ப ஒலிகளை எடைபோடும் அமைப்பு) வைத்து, துள்ளுகிற எண்ணை விட்டுவிட்டு, 15 நிமிடச் சராசரியைப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நிகழ்ச்சி அரங்குகளுக்கு வெளியிட்ட தரநிலையிலும் 100 டெசிபல் என்ற எண் வரும். அது 15 நிமிடச் சராசரிக்கு, அரங்கு நடத்துபவருக்குச் சொன்ன மேல்வரம்பு. ‘100 வரை பயமில்லை’ என்று அதைப் படிக்கக் கூடாது. அதே தரநிலைதான் அரங்கில் காதுப் பாதுகாப்பும் ஓய்வெடுக்க அமைதியான இடமும் இருக்க வேண்டும் என்கிறது.

ரப்பர்முனை:
பிளக் பற்றி. உங்கள் ஃபோம் பாதிதான் உள்ளே போயிருக்கும் என்று சந்தேகம்.

ஃபோம் சரியாக உட்காராமல் ஓரத்தில் இடைவெளி விட்டால், அதன் வழியாக அடிநாதம் உள்ளே வந்துவிடும். உயர் அதிர்வெண்கள் மட்டும் தடைபடும். பேஸ் அப்படியே இருக்க, குரலின் மெய்யெழுத்துகளும் சிம்பலும் காணாமல் போகும். மந்தம் பெரும்பாலும் இதனால்தான். ஆழமாகப் போட்ட ஃபோம் எல்லாவற்றையுமே நன்றாகக் குறைப்பதால் ஒலி சன்னமாகும், ஆனால் மந்தம் குறையும்.

போடும் முறை: கை கழுவுங்கள். பிளக்கை விரல்களுக்கிடையில் உருட்டி, மடிப்போ சுருக்கமோ இல்லாமல் மெல்லிய குச்சியாக்குங்கள். அமுக்கினால் போதாது, உருட்ட வேண்டும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போதுதான் வளைந்திருக்கும் காதுக் குழாய் நேராகும். உடனே உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். விரலை உடனே எடுத்தால் விரியும் ஃபோம் தானே வெளியே தள்ளிக்கொள்ளும். நேராகப் பார்க்கும் ஒருவருக்கு உங்கள் பிளக்கின் முனை நீட்டிக்கொண்டு தெரிந்தால் அது சரியாகப் போகவில்லை.

சோதனை: சத்தம் ஓடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கி மூடித் திறங்கள். பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் பிளக் அடைத்திருக்கிறது. மூடும்போது சத்தம் கணிசமாகக் குறைந்தால் கழற்றி மறுபடி போடுங்கள்.

டப்பாவில் உள்ள என்.ஆர்.ஆர் எண் (பிளக் எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற மதிப்பீடு) ஆய்வகத்தில் கிடைப்பது. ஃபோமுக்கு அதில் பாதியைக் கணக்கில் எடு என்பது நியோஷ் 1998-இல் தந்த பரிந்துரை.

இசை கெடாமல் வேண்டுமென்றால் ஃபில்டர் வைத்த இசைக்கலைஞர் பிளக். திறந்த காதுக் குழாய் சுமார் 2,700 ஹெர்ட்ஸ் பகுதியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கிறது. அடைத்ததும் அந்தத் தூக்கல் போய்விடும். இந்தப் பிளக்குகள் அதை ஈடுசெய்து, எல்லா அதிர்வெண்ணையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். காதை அச்செடுத்துச் செய்யும் வகையில் 9, 15, 25 டெசிபல் ஃபில்டர்களை மாற்றிப் போடலாம். உங்கள் கணக்குக்கு 15. அச்செடுக்காத, மூன்றடுக்கு ரப்பர் வகையில் அளவு பொருந்துகிறதா என்பதுதான் எல்லாம். இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம்.

பஞ்சு, டிஷ்யூ காகிதம் இரண்டும் வேண்டாம். சில டெசிபல்தான் குறையும், பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பில் ஸ்பீக்கருக்கு இன்னும் பக்கத்தில் போவோம்.

மிக்ஸர்மேசை:
பிளக்குக்கு முன்னால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள் ஐயா. ஒரே ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டித்தால், திறந்த வெளியில் 6 டெசிபல் இறங்கும். உள்ளே சுவர் எதிரொலியும், தொங்கவிட்ட நீண்ட அடுக்கும் சேர்ந்து அந்த இறக்கத்தைக் குறைத்துவிடும். இருந்தாலும் 12 அடியிலிருந்து நகர்கிற முதல் சில அடிகள்தான் மிகுந்த பலன் தருபவை. 12 அடியிலேயே நின்றால் உங்களுக்குப் பெரும்பாலும் பக்கத்து அடுக்குதான் கேட்கும், மறுபக்க அடுக்கிலிருந்து வருவதில் பாதி காணாமல் போகும்.

மிக்ஸர் மேசைக்கு அருகில் நில்லுங்கள். ஒலியமைப்பாளர் தன் காதுக்குச் சமன் செய்வது அந்த இடத்தில்தான். மூலைகளையும் பின்சுவரையும் தவிருங்கள், பேஸ் அங்கே குவியும். சப்வூஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர்) பெரும்பாலும் தரையிலேயே இருப்பதால், மேடை விளிம்பை ஒட்டி நிற்பதும் சரியில்லை.

‘ஏ’ எடையிடல் தாழ்ந்த ஒலியைக் குறைத்து மதிப்பிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பேஸ் கனத்த நிகழ்ச்சியில், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ எடையிடலுக்கு மாற்றினால் எண் 10-க்கு மேலும் ஏறலாம். நெஞ்சு அதிர்வது அதனால்தான். காதைப் பெரிதும் அரிப்பது என்னவோ நடு, உயர் அதிர்வெண்கள்தான், அதனால் மேலே சொன்ன கணக்குக்கு ‘ஏ’ எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன அரங்கில் ஒலியமைப்பாளர் குறைக்க நினைத்தாலும் ஓரளவுக்கு மேல் முடியாது. டிரம்ஸும் மேடை மானிட்டர்களும் (கலைஞர்கள் தங்களைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்கள்) நேரடியாகவே கூட்டத்தை எட்டும், அதற்கு மேலே குரல் தெரிய வேண்டும்.

நடுவரிசை:
இடத்தை மாற்றிவிடுகிறேன். பிளக் போட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காதே, அப்போதைக்கு மட்டும் கழற்றிக்கொள்ளலாமா?

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் எல்லாம் போய்விடுகிறது. 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை 10 சதவீத நேரம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 10 டெசிபல்தான். உங்கள் 3 மணி நேரத்தில் 10 சதவீதம் என்பது 18 நிமிடம். 100 டெசிபலில் அந்த 18 நிமிடமே ஒரு நாளைய 15 நிமிட வரம்பைத் தாண்டிவிடும். பேச வேண்டுமானால் வெளியே வந்து பேசுங்கள்.

ரப்பர்முனை:
கழற்றாமலே பேசலாம். பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே குறைவதால், பேச்சு இரைச்சலுக்கு மேலே தெரியும் அளவு மாறாது. ஒன்று கவனிக்கணும்: பிளக் போட்டவருக்குத் தன் குரல் தலைக்குள் முழங்கும், அதனால் தன்னையறியாமல் மெல்லப் பேசுவார். பேசுபவர்தான் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும், ஆனால் காதருகில் கத்தக் கூடாது. பாடும் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவரின் கூச்சலே ஸ்பீக்கருக்குப் போட்டி போடும்.

செவிமடல்:
மீதி இரண்டு கேள்விகள்.

பையனுக்குக் குழந்தை அளவு இயர்மஃப். சிறுவர் காதுக் குழாய் குறுகல், பெரியவர்களின் ஃபோம் ஆழமாகப் போகாது, பாதியில் அவனே பிடுங்கியும் விடுவான். இயர்மஃப் நழுவினால் உங்கள் கண்ணுக்குத் தெரியும். மெத்தைக்கு அடியில் தலைமுடி, தொப்பி, கண்ணாடிக் கம்பி எதுவும் சிக்கக் கூடாது. மெல்லிய இடைவெளி போதும், பல டெசிபல் கசிந்துவிடும். பாதியில் ஒருமுறை வெளியே அழைத்துப் போங்கள்.

ரீங்காரம் மறைந்தால் சேதமில்லை என்று சொல்ல முடியாது. 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளில் காட்டினார்கள்: கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், ஒலியை உணரும் உள்மயிர்ச் செல்களுக்கும் செவிநரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பல திரும்பவில்லை. மனிதரில் இதை நேராக அளப்பது கடினம். சாதாரணச் சோதனையில் முதலில் தெரிவது 4,000 ஹெர்ட்ஸ் அருகே கேட்கும் திறனில் ஏற்படும் பள்ளம், அதுவும் சேதம் கொஞ்சம் சேர்ந்த பிறகு.

மறுநாளும் ரீங்காரமோ அடைப்போ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கே போங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு சிகிச்சை தர நேர்ந்தால், நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். சிஸ்பிளாட்டின் (புற்றுநோய் மருந்து) அல்லது ஜென்டாமைசின் (ஆன்டிபயாடிக்) போன்ற மருந்து எடுப்பவர்களுக்குச் சத்தத்தின் சேதம் கூடும், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரவே வேண்டாம்.

காதில் மெழுகு கட்டியிருந்தால் பிளக் அதை உள்ளே தள்ளிவிடும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ரப்பர் பிளக்கை மிதமான சோப்பு நீரில் கழுவலாம், ஆனால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு. ஃபில்டருக்குள் தண்ணீர் தங்கினாலோ மெழுகு அடைத்தாலோ அது வெறும் அடைப்பானாகிவிடும், நீங்கள் புகார் சொன்ன அதே மந்தம் திரும்பி வரும்.