பழைய நிக்கான் டி90 கேமரா இப்போது வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே. நான் கடலூர் முதுநகர். தெரிந்த கல்யாண போட்டோகிராபர் அண்ணன் ஒருவர் தன் நிக்கான் டி90-ஐ 50 எம்எம் லென்ஸோடு 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். 2008-இல் வந்த மாடல், 12.3 மெகாபிக்சல். விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் இறக்குவதைப் படம் எடுக்க ரொம்ப நாள் ஆசை. போனில் எடுத்தால் அந்த அரை இருட்டில் செதிலெல்லாம் மழுங்கிவிடுகிறது.

ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் பாகம்) 1,00,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. இதில் 62,000 ஓடியிருக்கிறது. அது பரவாயில்லை. லென்ஸில் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை. கடல் காற்றுக்குப் பூஞ்சை பிடித்துவிட்டதோ? சுத்தம் செய்தால் போகுமா, இல்லை லென்ஸ் வேண்டாமென்று கேமரா பாடியை மட்டும் வாங்கட்டுமா? புதுச்சேரியில் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.