ஈரச் சிமெண்டு தோலை வேகவைக்கும் விதம்

மேஸ்திரி:
காங்கிரீட் போடும் நாளில் முழங்கால், கணுக்கால், விரலிடுக்கு மூன்றையும் அடிக்கடி பாருங்க. சிமெண்டுப் பாலில், அதாவது சிமெண்டு கரைந்த தண்ணீரில், காரம் (அமிலத்துக்கு எதிரான தன்மை) அதிகம், அதை அளக்கும் பிஎச் 12-லிருந்து 13 வரை போகும். பட்டதும் சுடாது. பூட்ஸுக்குள் அந்தப் பால் காலையில் இறங்கினால் வலி தெரிவதற்குள் மணிக்கணக்கு ஆகிவிடும், அதற்குள் சதை வெந்திருக்கும். மட்டப்பலகை இழுக்கிறவர் மண்டியிட்டால் பேண்ட் துணி பாலை உறிஞ்சி முழங்காலோடு ஒட்டிக்கொள்ளும். பலகை போட்டு அதன்மேல் மண்டியிடணும். முட்டி உயர ரப்பர் பூட்ஸ், அதன்மேல் நீர் புகாத பேண்ட்டை இறக்கி, டேப் சுற்றணும். சித்தாளுங்க செருப்புக் காலோடு கலவையில் நிற்பதை எந்த வேலையிலும் அனுமதிக்காதீங்க.

தள மேற்பார்வையாளர்:
அண்ணே, கையுறையிலும் அதே கதைதான். துணிக் கையுறையும் தோல் கையுறையும் ஊறினால் காரத்தைக் கையோடு கட்டிவைத்தது மாதிரி. உள்ளே பருத்தி வைத்த நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை வாங்குங்க. கையைக் கழுவித் துடைத்த பிறகே போடணும், உள்ளே தூள் இருந்தால் வியர்வையில் கரைந்து அரிக்கும். கழற்றும் முன் வெளிப்பக்கத்தை அலசணும். ஓட்டை விழுந்தால் தூக்கி எறிங்க. கரண்டி, சட்டி கழுவிய டிரம் தண்ணீரில் மட்டும் கையைக் கழுவாதீங்க, அதுவும் காரம்தான். எபாக்சி (ரெசின் பசை) வேலையானால் தின்னரில் கை கழுவுவது இன்னும் மோசம். பசை தோலுக்குள் இறங்கிவிடும்.

பூச்சு வேலைக்காரர்:
முன்னாடியே தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டா போதாதா?

தொழிற்சாலைச் செவிலியர்:
போதாது தம்பி. எண்ணெய் காரத்தைத் தடுக்காது. வேலை முடிந்து நன்றாகக் கழுவிய பின் தடவினால் வறட்சிக்கு நல்லது, அவ்வளவுதான். கலவை உள்ளே போய்விட்டால் துணியையும் பூட்ஸையும் உடனே கழற்றி, ஓடுகிற நல்ல தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவணும். களிம்பு பூசி மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணில் பட்டால் இமையை விரித்துக் கழுவிக்கிட்டே கிளம்பணும்.

அரிப்பு லீவு நாளில் அடங்கினால் பெரும்பாலும் காரத்தின் எரிச்சல். அடங்காமல், சிமெண்டு படாத இடத்துக்கும் பரவினால் சிமெண்டில் இருக்கும் குரோமியம் என்ற உலோகத்தால் வரும் ஒவ்வாமையைச் சந்தேகிக்கணும். அது ஒருமுறை வந்தால் லேசில் போகாது. ஐரோப்பாவில் 2005 முதல், ஒவ்வாமை தரும் வகையான, நீரில் கரையும் ஆறிணைதிறன் குரோமியம் சிமெண்டில் 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது. அதைக் குறைக்க இரும்பு சல்பேட் கலக்கிறாங்க. மூட்டை ஈரம் பட்டுப் பழசானால் அந்தச் சல்பேட்டின் வீரியம் போய்விடும். ஒவ்வாமை உள்ளவருக்கு, குரோமியத்தில் பதனிட்ட தோல் கையுறையும் தோல் செருப்பும்கூட அரிக்கும்.