எஃப்சிங்க் இரண்டாவது தடவை சரி என்கிறது, டேட்டாவைக் காணோம்

காசிமேட்டான்:
காசிமேட்டில் மீன் கமிஷன் கடை ஒன்றுக்கு, எடை மெஷினில் வரும் எடையை லினக்ஸ் பெட்டி ஒன்றில் மெமரி கார்டில் எழுதும் சி புரோகிராம் போட்டிருக்கிறேன். ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4. எழுதியது கார்டில் நிஜமாகவே இறங்கட்டும் என்று கூப்பிடும் எஃப்சிங்க் எப்போதாவது ஈஐஓ (படிக்க, எழுத முடியாத பிழை) என்று தோற்கும், அதனால் திரும்பக் கூப்பிடும் லூப் ஒன்று வைத்தேன், இரண்டாவது தடவையே பூஜ்யம், அதாவது சரி, என்று வந்துவிடுகிறது. ஏலம் முடிந்ததும் திறந்து பார்த்தால் எல்லா எடையும் இருக்கிறது, பெட்டியை அணைத்துப் போட்டால் நடுவில் ஒரு துண்டு முழுக்க வெறும் பூஜ்ய பைட். கார்டைக் குறை சொல்வதா, கோடையா?

வியாசர்பாடி_சி:
இரண்டையும்தான். ஆனால் அந்த லூப்பை முதலில் தூக்குங்கள். எழுதுவது தோற்றதும் பிழையை ஒரு தடவை உங்களிடம் சொல்லிவிட்டு, மெமரியில் இருக்கும் அந்தப் பக்கத்தை 'எழுதியாச்சு' கணக்கில் சேர்த்துவிடுகிறது லினக்ஸின் மையமான கர்னல். இரண்டாவது எஃப்சிங்குக்கு எழுத ஒன்றுமே மிச்சமில்லை, அதனால்தான் பூஜ்யம். அணைக்கும்வரை தெரிந்தது கேஷில், அதாவது மெமரியில், கிடந்த பிரதி. 2018-ல் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஆட்களே இதில் மாட்டினார்கள். இப்போது அங்கே எஃப்சிங்க் தோற்றால் சர்வர் பேனிக் ஆகி நின்று, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைத்த லாகிலிருந்து மறுபடி எழுதிக்கொள்ளும்.

மின்ட்_தெரு:
எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

வியாசர்பாடி_சி:
பாதிதான் போகும் நண்பா. கமிட் (சேமிப்பை உறுதி செய்வது) தோற்றது என்று அது சொல்லும்போது நீங்கள் கண்டுகொள்ளாவிட்டால் பழைய கதைதான்.

காசிமேட்டான்:
சரி, ஆனால் ஏலத்தின் நடுவில் புரோகிராமை நிறுத்தினால் என்னைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார்கள்.

வியாசர்பாடி_சி:
நிறுத்த வேண்டாம். எஃப்சிங்க் சரி என்று சொல்லும்வரை எடைகளை மெமரியில் வைத்திருங்கள். தோற்றால் அந்த ஃபைலை விட்டுவிட்டு, முடிந்தால் வேறு கார்டில், புது ஃபைலில் முதலிலிருந்து எழுதுங்கள். புது ஃபைல் என்றால் அது இருக்கும் டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க் வேண்டும். திரையில் சிவப்பாக ஏதாவது காட்டுங்கள், பிழை லாகை யார் படிக்கிறார்கள்?

பெரம்பூர்_கர்னல்:
ஃபைலில் எழுதும் ரைட், கேட்டதைவிடக் குறைவாக எழுதிவிட்டுத் திரும்பலாம், அதையும் பாருங்கள். லினக்ஸில் ஃபைலை மூடும் க்ளோஸ் ஈஐஎன்டிஆர் (நடுவில் குறுக்கீடு) தந்தால் மறுபடி கூப்பிடாதீர்கள், திறந்த ஃபைலுக்குக் கொடுத்த எண் ஏற்கெனவே விடுபட்டிருக்கும், அதற்குள் வேறு த்ரெட் திறந்த ஃபைலை மூடிவிடுவீர்கள். சோதிக்க, டிஸ்க் நிரம்பியதற்கு, எப்போதும் நிரம்பியதாக நடிக்கும் டெவ் ஃபுல் போதும், ஈஐஓ வரவழைக்க, வேண்டுமென்றே தோற்கும் டிஸ்க்காக நடிக்கும் டிஎம்-ஃப்ளேக்கி.