காலை நிகழ்ச்சி நடத்துபவர் பத்திரிகையாளரா? பார்பரா வால்டர்ஸை வைத்து ஒரு வாதம்

பள்ளத்தூர் ஆச்சி:
என் நாத்தனார் மகள் காரைக்குடியில் இதழியல் படித்து முடித்திருக்கிறாள். ஒரு சேனலில் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளராகக் கூப்பிடுகிறார்கள். இன்னொரு சேனலில் சிவகங்கை மாவட்டச் செய்தியாளர் வேலை. "காலை நிகழ்ச்சி என்றால் ராசிபலனும் கோலமும்தானே, அதற்கா படித்தாய்?" என்று வீட்டில் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தைரியமாகப் போகச் சொன்னேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்டிகளுக்குப் பேர் போன பார்பரா வால்டர்ஸ், 1961-இல் அங்குள்ள என்பிசி சேனலின் 'டுடே' காலை நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுக்கத்தான் சேர்ந்தார். அங்கே திரையில் தோன்றும் பெண்ணுக்கு அப்போது வானிலை சொல்வதும் லேசான பேச்சும்தான் வேலை. மறு வருஷமே அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி இந்தியா வந்தபோது செய்தி சேகரிக்கக் கூடவே வந்தார். 1974-இல் அதே நிகழ்ச்சியின் முதல் பெண் இணைத் தொகுப்பாளர் ஆனார். நான் சொன்னது தப்பா?

செக்காலை நிருபர்:
தப்புதான் ஆச்சி. வால்டர்ஸ் கதையை முழுசாகச் சொல்லுங்கள். 1976-இல் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் சம்பளத்தில் போட்டிச் சேனலான ஏபிசியின் மாலைச் செய்திக்குத் தொகுப்பாளராகப் போனார். அதில் பாதியைச் செய்திப் பிரிவு கொடுத்தது, மீதியைப் பொழுதுபோக்குப் பிரிவு கொடுத்தது. அவர் யார் என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. 1978-க்குள் அந்த இருக்கையும் போனது. அப்புறம் ஒரு நடிகையிடம் "நீங்கள் என்ன மரம்?" என்று கேட்டார். இதுவா பத்திரிகைத் தொழில்? நம் பக்கம் கண்மாய் உடைந்தால் கரையில் நின்று, மடை ஷட்டரை மழைக்கு முன்னால் யார் பார்த்தார்கள், கண்மாயைச் சீர்செய்யும் குடிமராமத்துப் பணம் எங்கே போனது என்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை மாவட்டத்துக்குத்தான் வர வேண்டும்.

கோட்டையூரான்:
அண்ணே, மரக் கதையை எல்லோரும் பாதியில் வெட்டித்தான் சொல்கிறார்கள். 1981-இல் அந்த நடிகை, காதரின் ஹெப்பர்ன், தாமாகவே, தாம் ஒரு மரம் போல ஆகிவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் "என்ன மரம்?" என்று இவர் கேட்டார். எதிரில் இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கி அடுத்த கேள்வியைப் போடுவது நல்ல பேட்டிதானே. மாலைச் செய்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஹாரி ரீசனருக்கு இவர் வந்ததே பிடிக்கவில்லை, அது திரையிலேயே தெரிந்தது. நீங்கள் தோல்வி என்று சொல்கிற அதே காலத்தில்தான், 1977-இல், கியூபாவில் காஸ்ட்ரோவைப் பேட்டி எடுத்தார். அந்த நவம்பரிலேயே எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். எதிரும் புதிருமாக இருந்த இரண்டு நாட்டுத் தலைவர்கள்!

தேவகோட்டை வாசகி:
எனக்கு இவரிடம் பிடித்தது வேறு ஒரு விஷயம். 'டுடே'யில் ஃப்ராங்க் மெக்கீ என்ற தொகுப்பாளர் ஒரு விதி போட்டார். முக்கியமான விருந்தினர் வந்தால் முதல் மூன்று கேள்வி அவருடையது, நாலாவதிலிருந்துதான் வால்டர்ஸ் பேசலாம். விதி ஸ்டுடியோவுக்குள் மட்டும்தானே என்று இவர் வெளியே போய்ப் பேட்டி எடுக்க ஆரம்பித்தார். அப்படித்தான் பெயர் வாங்கினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா லூ வால்டர்ஸ் இரவு விடுதிகள் நடத்திக் கொழித்தவர், பிறகு நொடித்துப் போனவர். பெற்றோரையும் மனவளர்ச்சி குன்றிய அக்காவையும் தாங்கியது இந்தப் பெண்ணின் சம்பளம். 1942-இல் போரின்போது பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை! பெரிய வீடும் வெறும் பெட்டகமுமாக வளர்ந்தவர்களுக்கு, அவர் ஏன் அப்படி ஓடி ஓடி உழைத்தார் என்று விளக்க வேண்டியதில்லை.

செக்காலை நிருபர்:
உழைப்பை நான் குறை சொல்லவில்லை அம்மா. கஷ்டப்பட்டவர் என்பதால் செய்த வேலை எல்லாம் சரியாகிவிடுமா? 2011 டிசம்பரில் அப்போதைய சிரிய அதிபர் அசாத்தைப் பேட்டி எடுத்தார். பிறகு அசாத்தின் உதவியாளராக இருந்த பெண்ணுக்கு வேலைக்கும் படிப்புக்கும் சிபாரிசு செய்ய முயன்றது 2012-இல் வெளியே வந்தது. அவரே வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. விருந்தினர் மனம் கோணாமல் பேசிப் பழகினால் இதில்தான் கொண்டுபோய் விடும்.

நம் ஊரையே பாருங்கள். காலை நிகழ்ச்சிக்காரர்கள் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைக் காட்டக் கானாடுகாத்தானுக்கு வருகிறார்கள். வீட்டு நடுமுற்றமான வளவில் கேமராவை வைக்கிறார்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், வெள்ளைப் பணியாரம், முடிந்தது. பக்கத்து வீட்டை ஏன் பிரித்து விற்றார்கள், அந்த வீட்டு நிலையும் கதவும் எப்படிக் காரைக்குடி பழம்பொருள் கடைக்குப் போயின என்று ஒருவர் கேட்டதுண்டா?

பள்ளத்தூர் ஆச்சி:
நீங்கள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அந்தக் கேள்வியை யார் கேட்டால் பதில் வரும்? முகப்பில் மைக்கை நீட்டினால் பங்காளிகள் கதவைச் சாத்துவார்கள். வீடு பத்துப் பங்காகக் கிடக்கிறது, ஓடு மாற்ற ஒருவர் காசு கொடுத்தால் இன்னொருவர் கொடுப்பதில்லை, இதையெல்லாம் வாசலில் நின்று யார் சொல்வார்கள்? வீட்டின் உள்ளே, இரண்டாங்கட்டில், பணியாரச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இவ்வளவு பெரிய வீட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள் ஆச்சி?" என்று ஒரு பெண் கேட்டால், அந்த வீட்டு ஆச்சி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார். அந்த இடத்துக்குள் போக முடிகிற செய்தியாளர் காலை நிகழ்ச்சிப் பெண்தான்.

செக்காலை நிருபர்:
போக முடியும், ஒத்துக்கொள்கிறேன். அவள் எடுத்து வந்ததை ஒளிபரப்புவார்களா? நிகழ்ச்சிக்குப் பணம் தருகிறவர் மசாலாக் கம்பெனியாக இருந்தால், வீடு இடிந்த கதை எடிட்டிங்கிலேயே போய்விடும். என் செய்தியையும் டெஸ்க்கில் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் கண்மாய் உடைந்ததை இல்லை என்று அவர்களால் சொல்ல முடியாது.

கோட்டையூரான்:
அப்படியானால் சேருவதற்கு முன்னாலேயே எழுதி வாங்க வேண்டியதுதான். மெக்கீ விலகினால் இணைத் தொகுப்பாளர் இடம் தமக்கு என்று வால்டர்ஸின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. 1974-இல் அவர் இறந்தபோது அந்த வரிதான் இவரை நாற்காலியில் உட்கார வைத்தது. ஆச்சி, வாரத்தில் ஒரு பகுதிக்காவது விருந்தினரையும் கேள்விகளையும் அவளே முடிவு செய்வாள் என்று காகிதத்தில் வரட்டும். சம்மதித்தால் சேரட்டும். மழுப்பினால் செக்காலை அண்ணனோடு கண்மாய்க் கரைக்கு வரட்டும்.

செக்காலை நிருபர்:
அந்த வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடவிடாதீர்கள் ஆச்சி. மற்றதில் என் கருத்து மாறவில்லை.