மாமியாரின் ஆக்சிஜன் மெஷினை யாருக்குக் கொடுப்பது?

வணக்கம். சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கிறோம். மாமியார் தவறி மூன்று மாதமாகிறது. அவருடைய சாமான் இன்னும் அறையில் அப்படியே இருக்கிறது: ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்), மடக்கும் சக்கர நாற்காலி, நெபுலைசர் (மருந்தை நுண்துளியாக்கி மூச்சில் இழுக்க உதவும் கருவி), சர்க்கரை பார்க்கும் கருவி.

சக்கர நாற்காலியின் இடது பிரேக் கொஞ்சம் லூஸ். மற்றபடி நன்றாக ஓடும். கான்சன்ட்ரேட்டர் நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் வகை, இதுவரை 2,140 மணி நேரம் ஓடியிருப்பதாக மீட்டர் காட்டுகிறது. ஃபில்டர் மாற்ற வேண்டும். மூக்குக் குழாயையும் நெபுலைசர் மாஸ்க்கையும் தூக்கிப் போட்டுவிட்டேன், அதெல்லாம் ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக்கூடாது.

2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தின் பெட்டியில் பேட்டரி, பல்பு, கைப்பேசி போடலாம், மருத்துவக் கருவி அந்தப் பட்டியலில் இல்லை. காராங்கூனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவர்) இரும்பு விலைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. விற்கும் எண்ணமும் இல்லை.

வாங்கிக்கொள்ளும் முதியோர் இல்லமோ, தொண்டு அமைப்போ யாருக்காவது தெரியுமா? கான்சன்ட்ரேட்டரை சர்வீஸ் செய்து பார்க்கும் ஆள் இருந்தாலும் சொல்லுங்கள், செலவு எங்களுடையது. அப்புறம், சர்க்கரை ஊசிகள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அவற்றை எங்கே கொடுக்கிறீர்கள்?