மூன்றாம் மாதம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து கிளம்புகிறேன், தனியாக எப்படிச் சமாளிப்பது?

ஓசூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிகிறது. அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்து மன்னார்குடியிலிருந்து ஓசூருக்கு அழைத்துப் போகிறார்கள். இங்கே அம்மா இருக்கிறார், சித்தி இருக்கிறார், குளிப்பாட்ட ஒரு பாட்டி வருகிறார், சாப்பாடு கைக்கே வந்துவிடுகிறது. அங்கே நானும் அவரும் மட்டும்தான். அவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வாரா வாரம் நேரம் மாறும். மாமியார் கொஞ்ச நாள் வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், அப்புறம் ஊரில் மாடு கன்றைப் பார்க்க அவர் போயாக வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

பாப்பா ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்துவிடுகிறாள். பால் பத்தவில்லையோ என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல் வேண்டாம், அது யூடியூபில் நிறைய இருக்கிறது. ஒரு நாளை எப்படி ஓட்டினீர்கள், எதை விட்டீர்கள், எதை விடவே கூடாது என்று சொன்னால் போதும்.

ஈரோட்டு அக்கா:

வா கண்ணு. எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டையும் பெரும்பாலும் தனிக்குடித்தனத்தில்தான் வளர்த்தேன். முதலில் ஒன்று சொல்கிறேன், அதை மட்டும் செய்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும். உதவிக்கு வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீ போய் வேலையைப் பாரும்மா" என்பார்கள். அது தலைகீழ். குழந்தை உன்னிடம் இருக்கட்டும், அடுக்களை அவர்களிடம் போகட்டும். மாமியார் இருக்கிற நாட்களிலேயே இதைப் பேசிவிடு. கூச்சப்படாதே, "அத்தை, நீங்கள் சமையலைப் பார்த்துக்கொண்டால் நான் இவளுக்குப் பால் கொடுத்துவிட்டுக் கூடவே கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன்" என்று சொல். பெரும்பாலான மாமியார்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும், செய்துவிடுவார்கள்.

சமையலைக் குறைத்துக்கொள். காலையில் ஒரே வேளையாக ஒரு சாதம், ஒரு குழம்பு, ஒரு காய், இரவுக்கு மாவு. இட்லி மாவு கடையில் வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. பாத்திரத்துக்கும் துணிக்கும் ஆள் கிடைத்தால் வேறு எந்தச் செலவைக் குறைத்தாவது வைத்துக்கொள். மடிக்காத துணி கட்டிலில் கிடந்தால் கிடக்கட்டும். ஆனால் உன் சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே. பால் கொடுக்க உட்காரும் இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர், ஒரு டப்பாவில் வறுத்த கடலை அல்லது பொரிவிளங்காய் உருண்டை, செல்போன் சார்ஜர், ஒரு துண்டு, இவை எப்போதும் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். குழந்தை மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தாகம் நாக்கை இழுக்கும், எழுந்திருக்கவும் முடியாது.

குளிப்பாட்டுவதை நினைத்துப் பயப்படாதே. அம்மா வீட்டில் நடக்கிற மாதிரி எண்ணெய், கடலைமாவு, புகை என்று ஒரு மணி நேரச் சடங்கு தேவையில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம், மடிப்புகளில் நன்றாகத் துடைத்துவிட்டு முடித்துவிடு. மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, மூடிய அறையில் சாம்பிராணி போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூர் அப்பா:

சகோதரி, உங்கள் கணவரை இந்தப் பதிலைப் படிக்கச் சொல்லுங்கள். நானும் ஷிப்ட்காரன்தான். "நான் ஏதாவது உதவி செய்யட்டுமா" என்று கேட்டுக்கொண்டு நிற்பதில் பயனில்லை, வேலையைப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் வாரா வாரம் ஷிப்ட் தாள் வந்ததும் அதன் பக்கத்திலேயே ராத்திரியை எழுதி வைத்துவிடுவோம். காலை ஷிப்ட் வாரத்தில் இரவு எட்டு மணிப் பால் முடிந்ததும் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவார். பன்னிரண்டு வரை குழந்தை என் பொறுப்பு. ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் நான்தான். இடையில் பசித்தால், எடுத்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில் கொடுப்பேன். அம்மாவுக்குச் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் மறுநாள் வீடே வேறு மாதிரி இருக்கும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் இதுவே விடியற்காலைக்கு மாறும். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் நான் தூங்கி எழுந்த பிறகு மாலை முழுக்கக் குழந்தை என்னிடம்.

பாலாடையில் கொடுக்கும்போது குழந்தையைப் படுக்க வைத்து ஊற்றக் கூடாது. தலை உயர மடியில் சாய்த்து, பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டில் வைத்தால் அவளே உறிஞ்சுவாள். அவசரப்படுத்தினால் புரையேறும்.

படுக்கையைத் தரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச நாளில் குப்புற விழுவாள், கட்டில் என்றால் எந்நேரமும் பயம். தூளியைப் பகலில் கண் முன்னால் இருக்கும்போது மட்டும் கட்டினோம், தரைக்குக் கிட்டத்தில், கீழே மெத்தை போட்டு.

ஓய்வுபெற்ற நர்ஸ்:

தூளி விஷயத்தில் நான் இன்னும் கறாராகச் சொல்வேன். குழந்தை தூங்க வேண்டிய இடம் சமமான, கெட்டியான படுக்கை. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணை, மெத்துமெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது. அழுகையை நிறுத்தத் தூளியில் கொஞ்சம் ஆட்டினாலும், தூங்கியதும் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

பால் பத்துகிறதா என்பதை வருகிறவர்கள் சொல்ல வேண்டியதில்லை, குழந்தையே காட்டிவிடும். 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல் நன்றாக மூத்திரம் போகிறாள், எடை ஏறுகிறது என்றால் பால் போதுமானதாக இருக்கிறது. பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. மூன்று மாதக் குழந்தை ராத்திரி இரண்டு முறை எழுவது சாதாரணம், அதைப் பால் குறைவு என்று நினைத்துப் புட்டிப்பாலைத் தொடங்கிவிட்டால், குழந்தை மார்பில் குடிப்பது குறைந்து உங்களுக்குச் சுரப்பும் நிஜமாகவே குறையும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம், வெயில் காலத்திலும்தான். வசம்பு, சேய்நெய், கிரைப் வாட்டர் எதுவும் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது.

இன்னொன்று, வீடு மாறும் மும்முரத்தில் பலர் விட்டுவிடுவது. உங்கள் குழந்தைக்கு 14ஆவது வார ஊசி இப்போதுதான் வருகிறது. கிளம்பும் பையில் தடுப்பூசி அட்டையை முதலில் வையுங்கள். ஓசூரில் பக்கத்திலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போனால் இலவசமாகப் போடுவார்கள், மன்னார்குடியில் தொடங்கியதால் அங்கேதான் போட வேண்டும் என்று இல்லை. அன்றைக்குக் காய்ச்சல் வரலாம், மருந்தின் அளவை எடை பார்த்து அவர்களே சொல்வார்கள். ஊசி போட்ட தொடையைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். களைப்பு வேறு, இது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றால் அதை யாரிடமும் மறைக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் இருக்கிறது, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பிரசவமான பெண்களுக்கு இது வருவது சகஜம், சிகிச்சையில் சரியாகக் கூடியது.

கணக்குப்பிள்ளை:

வேலைக்குத் திரும்புவது பற்றி யாரும் சொல்லவில்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலருக்குத் தெரியாதது, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நாலு முறை போய்ப் பார்த்துவரவும் அனுமதி உண்டு. இப்போதே மெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். முடிந்தால் புதன் அல்லது வியாழனில் வேலைக்குச் சேருங்கள், முதல் வாரம் சீக்கிரம் முடியும்.

ஓசூர்க்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஷிப்ட் தாள் யோசனையை அவருக்கு அனுப்பிவிட்டேன், "இந்த வாரமே எழுதிவிடலாம்" என்று பதில் வந்தது. ஊசி தேதி உண்மையிலேயே என் நினைவில் இல்லை, அட்டையை எடுத்து வைத்துவிட்டேன். நர்ஸ் அம்மா, ஒரு சந்தேகம். எடுத்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்? ஆறு மாதத்துக்குப் பிறகு முதலில் என்ன கொடுப்பது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்ட, மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் எடுங்கள். ஓசூர் குளிரில் வெளியே நாலு மணி நேரம் இருக்கும், வெயில் நாளில் எடுத்ததும் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நாலு நாள் வரை தாங்கும். மூடியில் தேதி, நேரம் எழுதுங்கள். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். குழந்தை குடித்து மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான். வேலைக்குப் போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் வேறொருவர் கொடுத்துப் பழக்குங்கள். அம்மா வாசனை இருந்தால் பாலாடையைத் தொட மாட்டாள்.

ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிய பாலைக் கூழாகக் காய்ச்சி இரண்டு மூன்று ஸ்பூன். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் இருக்க வேண்டும், தண்ணீராக இருந்தால் வயிறுதான் ரொம்பும், சத்து போகாது. அப்புறம் குழைந்த பருப்புச் சாதம், மசித்த இட்லி, வாழைப்பழம், சில நாள் கழித்து வேகவைத்த முட்டை, முருங்கைக்கீரை. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். துப்பினால் விட்டுவிட்டு மறுநாள் மறுபடி கொடுங்கள், பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.